பாயில் படுத்தால் சியாட்டிகா சரியாகும்: மறுப்பவர் உண்டா?

4 பிப்ரவரி 2024, இரவு

சியாட்டிகா என்றால் குறுக்கிலிருந்து கால் நெடுக இழுக்கிற நரம்பு வலி. அதற்கு ஊசி, பெல்ட், எண்ணெய் எதுவும் வேண்டாம். கட்டிலை விட்டு இறங்கி, தரையில் கோரைப்பாயை விரித்துப் பன்னிரண்டு நாள் அசையாமல் படுத்தால் போதும். நான் படுத்தேன், போய்விட்டது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். போகியன்று வீட்டைக் கழுவிவிடும்போது, கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லைச் சுவரோரம் தள்ளலாம் என்று குனிந்து தம் பிடித்தேன். குறுக்கில் சடக்கென்று ஒன்று. அன்றைக்கு வெறும் குறுக்கு வலிதான். மறுநாள் பொங்கல் பானையைக்கூட நான்தான் இறக்கி வைத்தேன். 17ஆம் தேதி அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தும்மல் வந்தது. இடது புட்டத்தில் ஆரம்பித்து, பின்தொடை வழியாக, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் இறங்கி, பாதம் வரைக்கும் கரண்ட் கம்பியை உருவினாற்போல் இழுத்தது. மாடு டிவிக்குள்ளிருந்து என்னைக் குத்திவிட்டதாக வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

அப்புறம்தான் பாய். தைத் தெப்பத்தன்று வெடிச் சத்தத்தைப் படுத்தபடியே கேட்டேன். தெப்பக்குளம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

5 பிப்ரவரி 2024

ஒரே நாளில் இத்தனை பேர் சண்டைக்கு வருவீர்கள் என்று நினைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மொத்தமாக: வயது 46. சர்க்கரை இல்லை. கீழமாசி வீதியில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறேன், காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு வரை உட்கார்ந்த வேலை. வீடு அனுப்பானடி.

மாத்திரை போட்டீர்களா என்று மேலூர் அண்ணன் மட்டும் கேட்டிருக்கிறார். போட்டேன். முதல் ஐந்து நாள் மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. நேற்று அதை எழுதாமல் விட்டது தப்புதான். ஆனால் கதையின் நாயகன் பாய்தான் என்பதில் மாற்றமில்லை.

9 பிப்ரவரி 2024

மாற்றம் இருக்கிறது. கடைக்குப் போக ஆரம்பித்த நாலாம் நாள் மத்தியானம், கல்லாவிலிருந்து எழுந்தபோது மறுபடியும் அதே கம்பி. இந்த முறை பாதத்தின் மேல்பக்கமும் கட்டைவிரலும் மதமதவென்று ஆகிவிட்டன. பாயையும் விரித்துப் பார்த்தேன். தரையிலிருந்து எழுந்திருப்பதற்கு என் மகனும் கதவுப் பிடியும் தேவைப்பட்டன. நாலாம் தேதி எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

டாக்டரிடம் போனேன். அவர் முதலில் என் முதுகைத் தொடவே இல்லை. வலி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். எந்த விரல் மரத்திருக்கிறது என்று கேட்டார். கட்டைவிரல். "அப்ப ஐந்தாம் நரம்பு" என்றார், சோதிடர் நட்சத்திரம் சொல்வதுபோல.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது: சியாட்டிக் நரம்பு உடம்பிலேயே தடிமனான நரம்பு. கீழ்முதுகிலும் அதற்கடியிலுள்ள எலும்பிலும் இருந்து வருகிற ஐந்து வேர்கள் (கீழ்முதுகில் எல்4, எல்5; அடியெலும்பில் எஸ்1, எஸ்2, எஸ்3) சேர்ந்து திரித்த கயிறு அது. புட்டத்துக்குள் புகுந்து பின்தொடையில் இறங்கி, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இரண்டாகப் பிரிகிறது. கயிறு நெடுக வலித்தாலும், கோளாறு பெரும்பாலும் கயிற்றில் கிடையாது, முதுகில் வேர் புறப்படும் இடத்தில்தான். எந்த வேர் என்பதைக் கால் சொல்லிவிடும். கெண்டைக்கால் வெளிப்பக்கமும் பாதத்தின் மேல்பக்கமும் கட்டைவிரலும் என்றால் எல்5. கெண்டைக்கால் பின்பக்கமும் பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் என்றால் எஸ்1.

அப்புறம் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலைத் தூக்கினார். நாற்பது டிகிரிகூட இருக்காது, கத்திவிட்டேன். 30 முதல் 70 டிகிரிக்குள் கால் நெடுக இழுத்தால் வேர் நசுங்குகிறது என்று சந்தேகப்படலாமாம். பின்தொடைச் சதை மட்டும் விறைத்தால் அது கணக்கில்லை. அடுத்து நல்ல காலைத் தூக்கினார், வலி கெட்ட காலில் வந்தது. நான் நடிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ என்று வெட்கமாகிவிட்டது. அவர் முகம் பிரகாசமானது. ஜவ்வுதான் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டு) காரணம் என்பதற்கு அது இன்னும் அழுத்தமான சாட்சியாம்.

குதிகாலில் நடக்கச் சொன்னார், நடந்தேன். கட்டைவிரலை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி அவர் ஒரு விரலால் அமுக்கினார். வலதை அவரால் இறக்க முடியவில்லை. இடது பொசுக்கென்று இறங்கியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முறை பயம் வந்தது. வலி பயமுறுத்தவில்லை, அந்த விரல் பயமுறுத்தியது.

ஸ்கேன் வேண்டாம், நடங்கள், இரண்டு வாரம் கழித்து இந்த விரலைக் காட்டுங்கள், பலம் இன்னும் குறைந்தால் அன்றைக்கே வாருங்கள் என்றார். படுக்க வேண்டாமா என்றேன். வலி தாங்காத ஓரிரு நாள் படுக்கலாம், அதற்கு மேல் படுத்தால் குறுக்குத்தான் விறைக்கும் என்றார். 1999இல் நெதர்லாந்தில் 183 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வாரம் படுத்தவர்களுக்கும் படுக்காதவர்களுக்கும் வித்தியாசமில்லை. பன்னிரண்டு வாரத்தில் இரு தரப்பிலும் 87 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். என் பன்னிரண்டு நாள் வனவாசம் வீண்.

11 பிப்ரவரி 2024

சுளுக்கு எடுப்பவரிடம் போகவில்லையா என்று கேட்கிறார்கள். போனேன். டாக்டருக்கு முன்னாலேயே. உசிலம்பட்டி போகிற வழியில் ஒரு கிராமம், ஊர் பேர் வேண்டாம். வேப்பெண்ணெய் வாசத்தில் ஒரு திண்ணை, எனக்கு முன்னால் எட்டுப் பேர். என் முறை வந்ததும் குப்புறப் படுக்கவைத்து, குறுக்கில் முழங்காலை ஊன்றி, இரண்டு தோளையும் பிடித்து இழுத்தார். நாலைந்து சொடக்குச் சத்தம். எழுந்தபோது ஆள் இலேசாகிவிட்டது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், அவ்வளவு சந்தோஷம். ராத்திரி பதினொரு மணிக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிடந்தேன்.

நம் ஆட்களின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வரவில்லை. வெறும் பிடிப்பென்றால் எண்ணெய் போட்டு நீவினால் இதமாகத்தான் இருக்கும். நொச்சி இலை ஒத்தடத்தை இப்போதும் கொடுத்துக்கொள்கிறேன், சதை இளகுகிறது, தூக்கம் வருகிறது. ஆனால் விரலில் பலம் குறைந்திருக்கிறவனின் குறுக்கில் ஒருவர் முழங்காலை ஊன்றக் கூடாது. அவர் என் விரலைப் பார்க்கவே இல்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

20 பிப்ரவரி 2024

ஸ்கேன் வேண்டாம் என்றவரை நம்பாமல் ஸ்கேன் எடுத்துவிட்டேன். மச்சான் விடவில்லை. படம் எடுத்தால்தானே தெரியும் என்பது அவர் கட்சி.

ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது. எல்3-எல்4, எல்4-எல்5, எல்5-எஸ்1. தேய்மானம், நீர் வற்றியது, நரம்பு அழுந்துகிறது என்று ஒரு பக்கம் நிறைய. படித்து முடித்தபோது நான் எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஸ்கேன் எடுத்த இடத்திலேயே வரிசையில் இருந்த ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூணு ஜவ்வா? ஆபரேஷன்தான் தம்பி" என்றார். அவர் தோள்பட்டைக்கு வந்தவர்.

டாக்டர் கோபப்படவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூன்றில் இரண்டை விரலால் மறைத்தார். "இது ரெண்டும் உங்க தலைநரை மாதிரி" என்றார். எல்4-எல்5இல் இடது பக்கம் பிதுங்கியது மட்டும்தான் என் கட்டைவிரலோடு பொருந்துகிறது. (நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் பிதுங்கினால் அடிபடுவது பெரும்பாலும் ஐந்தாம் வேர். நாலாவது அதற்கு மேலேயே வெளியேறிவிடுகிறது. எனக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது.)

2015இல் வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பல ஆய்வுகளிலிருந்து தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஜவ்வு பிதுக்கம் இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு, ஐம்பதில் 60 சதவீதம் பேருக்கு, எண்பதில் 84 சதவீதம் பேருக்கு. அத்தனை பேரும் ஒரு வலியும் இல்லாமல் நடமாடியவர்கள். என் மச்சானைப் படம் எடுத்தால் அவருக்கும் இரண்டு தேறும். சொல்லியிருக்கிறேன், மனிதர் இப்போது பேசுவதில்லை.

22 பிப்ரவரி 2024

'ஜவ்வு விலகிடுச்சு' என்ற சொல்லை ஒழிக்க வேண்டும். கேட்டால் என்ன தோன்றுகிறது? ரயில் தண்டவாளத்தைவிட்டு இறங்கியதுபோல, யாராவது ஒரு தள்ளுத் தள்ளினால் திரும்ப ஏறிவிடும் என்று. அதனால்தான் முழங்காலை ஊன்றுகிறார்கள்.

ஜவ்வு எங்கும் விலகுவதில்லை. மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் ஒட்டித்தான் இருக்கிறது. கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டியான மாவு, உள்ளே பூரணம். முன்பக்கம் அமுக்கினால் பூரணம் பின்பக்கம் தள்ளும். மாவில் கீறல் இருந்தால் அந்த வழியாக எட்டிப்பார்க்கும். குனிந்து பாரம் தூக்குவது அந்த முன்பக்க அமுக்கல். என் ஆட்டுக்கல் கடைசி அமுக்கலாக இருந்திருக்கலாம், கீறல் எப்போது விழுந்ததோ.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. பூரணம் நரம்பை நசுக்குவதால் மட்டும் வலி வருவதில்லை. அது வெளியே கசிந்ததும் அந்த இடம் வெந்துபோனதுபோல் அழல்கிறது, வேர் வீங்குகிறது. அழற்சி தணிந்தால், பிதுக்கம் அப்படியே இருக்கும்போதே வலி குறைந்துவிடும். இன்னொன்று, வெளியே வந்த பூரணத்தை உடம்பு அந்நியமாகப் பார்க்கிறது. இரத்தத்தில் வரும் செல்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கின்றன. சும்மா பிதுங்கி நிற்பதைவிட முழுதாக உடைந்து வெளியே விழுந்த துண்டுதான் கரைந்துபோக அதிக வாய்ப்பு. படத்தில் பயங்கரமாகத் தெரிவது சீக்கிரம் காணாமல் போகலாம் என்பதை மச்சானுக்கு யார் சொல்வது?

இதெல்லாம் தெரியவர எத்தனை காலம் பிடித்திருக்கிறது! 1764இல் நேப்பிள்ஸில் கொட்டுன்யோ என்ற மருத்துவர், இது இடுப்பு மூட்டு வலி இல்லை, நரம்பு வலி என்று பிரித்து எழுதினார். ஜவ்வு உடைவதுதான் பல பேருக்குக் காரணம் என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர் எழுதியது 1934இல். நடுவில் 170 வருடம். ஆயுர்வேதத்தில் இதற்கு 'கிருத்ரசி' என்று பேர், கிருத்ரம் என்றால் கழுகு. கழுகு தரையில் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? போன மாதம் நான் கொல்லைக்குப் போனதைப் பார்த்திருந்தாலும் போதும்.

3 மார்ச் 2024

மாத்திரை பற்றி. இரண்டாவதாக ஒரு டாக்டரைப் பார்த்தேன் (மச்சான் ஏற்பாடு). பிரிகாபலின் எழுதிக்கொடுத்தார், நரம்புக்கான மாத்திரை என்று. முதல் நாள் போட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தேன். ஒரு மூட்டை துவரம்பருப்புக்கு வாங்க வேண்டிய பணத்தை வாங்காமல், மீதியென்று நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் நல்ல மனுஷர், திருப்பித் தந்தார். நடந்தால் தலை கிறுகிறுத்தது, வண்டியைத் தொடவில்லை.

2017இல் ஆஸ்திரேலியாவில் 209 சியாட்டிகாக்காரர்களுக்குப் பாதிப் பேருக்கு இதையும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். கால் வலியில் வித்தியாசமில்லை. கிறுகிறுப்புதான் அதிகம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலும் 2020 முதல் சியாட்டிகாவுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கு இது கேட்கும், அது வேறு வியாதி. ஒரு மாதம், இரண்டு மாதம் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே தூக்கிப் போடாதீர்கள். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எனக்குக் கேட்டது சாதாரண வலி-வீக்க மாத்திரை, சாப்பிட்ட பிறகு, சில நாள் மட்டும். அதுவும் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றித் திருமங்கலத்து நண்பர் கேட்டிருந்தார். நான் போட்டுக்கொள்ளவில்லை. கால் வலியைச் சில வாரங்களுக்குக் கொஞ்சம் குறைக்கும், அந்த இடைவெளியில் நடக்கப் பழகலாம் என்றுதான் டாக்டரும் சொன்னார்.

10 மார்ச் 2024

உண்மையான எதிரி ஆட்டுக்கல் இல்லை, கல்லா ஸ்டூல். நின்றால் பரவாயில்லை, நடந்தால் நல்லது, படுத்தால் சுமார். உட்கார்ந்த கால் மணி நேரத்தில் இழுக்க ஆரம்பித்துவிடும்.

கடையில் இப்போது நின்றுகொண்டு எழுதுகிறேன். நாலு எண்ணெய் டின்னை அடுக்கி அதன்மேல் கணக்கு நோட்டு. முதலாளி முதலில் முறைத்தார், இப்போது மாலை நேரத்தில் அவரும் வந்து நிற்கிறார். உட்கார்ந்தே ஆகவேண்டிய வேலைக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து மிளகாய் மூட்டை வரை நடை. பின்பாக்கெட்டில் பர்ஸ் வைப்பதை விட்டேன். தடித்த பர்ஸின்மேல் உட்கார்ந்தால் புட்டத்தில் நரம்பு அழுந்தி இதே வலி வரும் என்பது மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிற சங்கதிதான். என் பர்ஸ் அந்த அளவுக்குத் தடித்ததில்லை என்று வீட்டுக்காரி சொல்கிறாள்.

நடைக்கு இடம் தெப்பக்குளம். நாலு கரையும் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். பிப்ரவரி 10ஆம் தேதி ஒரு கரைகூட முழுசாக முடியவில்லை, பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாத முடிவில் இரண்டு கரை. நேற்று நாலு. நடக்க நடக்க வலி பாதத்திலிருந்து ஏறிக் கெண்டைக்காலுக்கு, அப்புறம் தொடைக்கு, இப்போது புட்டத்திலும் குறுக்கிலும் மட்டும். குறுக்கு வலி கூடுகிறதே என்று பயந்தேன். காலைவிட்டு மேலே ஏறி முதுகுக்குப் போவது நல்ல அறிகுறி, முதுகிலிருந்து காலுக்கு இறங்குவதுதான் கெட்டது என்றார் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்.

அவர் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்று. குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றித் தலையையும் மார்பையும் தூக்குவது. இது எல்லோருக்கும் நல்லது, தைரியமாகச் செய்யலாம்.

17 மார்ச் 2024

மேலே கடைசி வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். செல்லூர் அக்கா எழுதியதைப் படித்து என் வாயை நானே அடைத்துக்கொண்டேன். அவர் அம்மாவுக்கு எழுபது வயது, இரண்டு காலிலும் இழுப்பு. என் பயிற்சியைச் செய்யச் சொல்லி வலி இரண்டு மடங்காகிவிட்டது.

இதே விஷயம் என் அத்தையிடம் இருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை. அத்தை காய்கறித் தள்ளுவண்டியை வில்லாபுரம் முழுக்கத் தள்ளுவார், காலில் ஒன்றும் இல்லை. வண்டியில்லாமல் கைவீசிக் கோயிலுக்கு நடந்தால் இருநூறு அடியில் இரண்டு காலும் கனத்துப்போய் எங்காவது குந்திவிடுவார். குந்தி இரண்டு நிமிடம் குனிந்திருந்தால் சரியாகிவிடும். நாங்கள் அத்தைக்குக் கோயில் என்றால் சோம்பல் என்று கேலி பேசியிருக்கிறோம், பாவம்.

வயதானவர்களுக்குத் தண்டுவடம் போகிற குழாயே சுருங்கிவிடுகிறது. நிமிர்ந்தால் இன்னும் சுருங்கும், குனிந்தால் விரியும். தள்ளுவண்டியில் சாய்ந்தால், சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தால் சுகம். என் பூரணத்துக்குக் குனிவது எதிரி, அத்தைக்குக் குனிவது மருந்து. எனவே குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குவது என் கொழுக்கட்டைக்கு மட்டும். அக்கா, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

காலில் இரத்த ஓட்டம் குறைந்தாலும் நடந்தால் வலி வரும் என்று மேலூர் அண்ணன் சரியாகவே சேர்த்திருக்கிறார். அதற்குக் குனிய வேண்டியதில்லை, சும்மா நின்றாலே வலி போய்விடும். பீடி, சிகரெட் ஆட்கள் கவனிக்கவும்.

18 மார்ச் 2024

நான் ஒரு பக்கம் எழுதினால் மறுநாள் அரைப் பக்கம் திருத்துகிறேன், பேசாமல் திருத்தத்தை மட்டும் எழுதலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். ஆனால் எதைத் திருத்துவது?

2 ஏப்ரல் 2024

இன்றைக்குக் கேலி இல்லை.

நேற்று இரவு ஒருவர் எழுதினார், அவர் யாரென்று சொல்லப்போவதில்லை. இரண்டு வாரமாக ஒரு காலில் இழுப்பு. முந்தாநாளிலிருந்து இரண்டு காலிலும். சிறுநீர் கழிக்கும்போது போவது தெரியவில்லை, முக்கினாலும் முழுதாக வரவில்லை, உட்கார்ந்தால் அடியில் துணி சுற்றியதுபோல் உணர்வில்லை. எந்தப் பயிற்சி நல்லது என்று என்னிடம் கேட்கிறார். பதில் எழுதாமல் நம்பர் வாங்கிப் போன் செய்து, வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு இப்போதே போகச் சொன்னேன். இராத்திரியே ஸ்கேன், விடிகாலையில் ஆபரேஷன். உணர்வு எவ்வளவு திரும்பும் என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார்களாம்.

தண்டுவடம் முடிகிற இடத்தில் குதிரைவால் மாதிரி நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. ஜவ்வு பெரிதாக உடைந்து அந்தக் கொத்தையே அமுக்கினால் வருவது இது. அபூர்வம்தான். ஆனால் வந்தால் சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டியது. தாமதமானால் சிறுநீரும் மலமும் ஆண்மையும் திரும்பாமலே போகலாம். சேணத்தில் உட்காருகிற இடம் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு அல்லது தானாகக் கசிவது, மலம் அடக்க முடியாமை, இரண்டு காலிலும் பலக்குறைவு: இதில் ஒன்று வந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள். பிப்ரவரி நாலாம் தேதி பாய்க்கு முன்னால் நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, நடக்கும்போது ஒரு கால் செருப்பு உங்களுக்குத் தெரியாமலே கழன்று போகிறதா? பாதம் தூக்க வராமல் தரையில் தட்டுகிறதா? அதையும் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, இராத்திரியில் படுத்தால்கூட விடாத முதுகுவலி இருந்தால் அது ஜவ்வாக இல்லாமல் முதுகெலும்பு காசநோயாகவும் இருக்கலாம். நம் ஊரில் அதை மறக்கக் கூடாது.

24 ஏப்ரல் 2024

அழகர் நேற்று ஆற்றில் இறங்கினார். நானும் போனேன். முந்தாநாள் எதிர்சேவைக்கே தல்லாகுளத்தில் மூன்று மணி நேரம் நின்றேன், கால் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் ஒரு மண்டகப்படியில் பானகம் கொடுத்து உட்காரச் சொன்னார்கள், அங்கேதான் சிக்கல், பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன். பதினாலு வாரம் ஆகிறது. கட்டைவிரல் இப்போது டாக்டரின் விரலைக் கிட்டத்தட்டச் சமாளிக்கிறது. மதமதப்பு மட்டும் நகக்கண் பக்கம் மிச்சம். வலி முதலில் போகும், பலம் அப்புறம், மதமதப்பு கடைசியில் போகும், சில சமயம் கொஞ்சம் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்ன வரிசையிலேயே என் கால் நடக்கிறது.

16 ஜூன் 2024

நான் ஆபரேஷனுக்கு எதிரி என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. இல்லவே இல்லை. திருமங்கலத்து நண்பர் மே மாதம் செய்துகொண்டார். மூன்று மாதம் எல்லாம் செய்து பார்த்தும் இரவுத் தூக்கம் கிடையாது, லாரி ஓட்டுகிற வேலை, வீட்டில் வேறு வருமானம் இல்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதே கால் வலி இல்லை என்றார். குறுக்கில் கொஞ்சம் இருக்கிறதாம். அது இருக்கத்தான் செய்யும், இந்த ஆபரேஷன் காலுக்குத்தான்.

2007இல் வந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடும் சியாட்டிகா இருந்த 283 பேர். பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேர் காத்திருந்தார்கள். ஆபரேஷன் ஆனவர்கள் சீக்கிரம் தேறினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். இதை மட்டும் சொல்லிக் காத்திருங்கள் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். நானும் போன மாதம் என் மச்சானிடம் அப்படித்தான் முடித்தேன். ஆனால் காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பொறுக்க முடியாமல் நடுவில் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் அந்த 95. வேகமாகத் தேற வேண்டுமா, கத்தியைத் தவிர்க்க வேண்டுமா என்பது அவரவர் சம்பளப் பட்டியலையும் பொறுத்தது. எனக்கு நின்றுகொண்டு கணக்கு எழுத எண்ணெய் டின் இருந்தது. லாரியில் நின்றுகொண்டு ஓட்ட முடியுமா?

பாய்க்குக் கடைசித் திருத்தம்: 2003இல் ஸ்பெயினில் நாள்பட்ட குறுக்கு வலிக்காரர்கள் 313 பேரைப் படுக்கவைத்துப் பார்த்ததில், ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே மேல் என்று தெரிந்தது. நான் இலவம்பஞ்சு மெத்தைக்குத் திரும்பி மூன்று மாதமாகிறது. ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை.

8 செப்டம்பர் 2024

பிள்ளையார் சதுர்த்தி கொழுக்கட்டையை ஒரு பக்கம் அமுக்கிப் பார்த்தேன், பூரணம் நான் எழுதியபடியே மறுபக்கம் வந்தது. மகன் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினான். மச்சான் பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் போன வாரத்திலிருந்து வலது கால் இழுக்கிறதாம், ஸ்கேன் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார். எந்த விரல் மரத்திருக்கிறது என்று கேட்டேன்.

ஆட்டுக்கல் பற்றிக் கேட்டவர்களுக்கு: போகியன்று எங்கே விட்டேனோ அங்கேயே, கொல்லை நடுவில் கிடக்கிறது. குழியில் மண்ணைப் போட்டு வீட்டுக்காரி துளசி வைத்திருக்கிறாள். தண்ணீர் மட்டும் நான் ஊற்றுகிறேன், அரைச் செம்பு, நின்றபடி.